62 சேவைகள், நாலு மதிப்பீட்டுக்குத்தான் பணம்: எதை முதலில் எடுப்பது?

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

வணக்கம். பெங்களூருவில் பல துறைகள் தரும் சேவைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஒரு பொது அமைப்பின் திட்டப் பிரிவுக்காகக் கேட்கிறேன். பட்டியலில் 62 சேவைகள் இருக்கின்றன. சான்றிதழ், முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம், குடிநீர் இணைப்பு, டேங்கர், இரவுத் தங்குமிடம், வட்டார மருந்தகம், மலிவு விலைச் சாப்பாடு என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. அடுத்த 18 மாதத்தில் வெளியாள் வைத்துத் தாக்க மதிப்பீடு (அந்தச் சேவையால் மக்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று அளப்பது) செய்ய நாலு சேவைக்குத்தான் பணம்.

கையில் இருப்பது ஒரு எக்செல் தாள். ஐந்து அளவுகோல்: ஆண்டுச் செலவு, பயனாளிகள் எண்ணிக்கை, வந்த புகார்கள், மேலிடத்து முன்னுரிமை, தரவு இருக்கிறதா இல்லையா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, எடை கொடுத்துக் கூட்டியிருக்கிறது. முதல் பத்து சேவைகளும் 3.4-க்கும் 3.7-க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கின்றன. புகாரின் எடையை 20-லிருந்து 25 ஆக்கினால் எட்டாவது இடத்தில் இருந்தது மூன்றாவது இடத்துக்கு வந்துவிடுகிறது. இந்தத் தாளை நம்பி நாலு பெயரை எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

மூன்று சந்தேகம். அளவுகோல்களை மாற்ற வேண்டுமா, கூட்டும் முறையை மாற்ற வேண்டுமா? புகார் எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்? தரவே இல்லாத சேவையைத் தள்ளிவிடுவதா, அல்லது அதனாலேயே முன்னால் கொண்டுவருவதா? பிரிவுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது என்ற பேச்சும் ஓடுகிறது.

தராசுமுள் எழுதியது:

எடையைத் தொடுவதற்கு முன்னால் அந்த 62 வரிகளைப் பாருங்கள் சார். அநேகமாக அவை கவுன்டர்களின் பெயர்கள். புதுக் குடிநீர் இணைப்பு, மீட்டர் புகார், டேங்கர், கழிவுநீர் இணைப்பு என்று நாலு வரி இருக்கும். வீட்டில் இருப்பவருக்கு அது ஒரே விஷயம், தண்ணீர். எந்த மக்களுக்கு, என்ன மாறவேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிற அளவுக்கு வரிகளைச் சேருங்கள். அப்படி எழுத வராத வரி ஒரு அலுவலக வேலையாக இருக்கும், அதைச் சேவை என்று கணக்கில் எடுக்க வேண்டாம். எந்தத் துறைக்கு என்ன கடமை, எவ்வளவு ஒதுக்கீடு என்பதைச் சரிபார்க்க 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவின்படி ஒவ்வொரு துறையும் வெளியிட வேண்டிய விவரங்களே போதும். தனியாகக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, சான்றிதழ் வகைகளை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஒருவருடைய வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று ஒன்றரை வருடம் ஆராய்வதில் பொருளில்லை. அங்கே கேட்கவேண்டியது எத்தனை நாள், எத்தனை நடை, கையிலிருந்து எவ்வளவு போனது என்பதுதான். கர்நாடகத்தில் அதற்கு சகாலா என்ற காலக்கெடுச் சேவைத் திட்டம் இருக்கிறது. 2011-ல் சட்டம், 2012 ஏப்ரலில் நடைமுறை. ஒவ்வொரு சேவைக்கும் கெடு உண்டு. தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. விண்ணப்பித்த தேதியும் முடித்த தேதியும் அதில் பதிவாகின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: கெடு நெருங்கும்போது ‘நிராகரிப்பு’ எண்ணிக்கை திடீரென்று ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் நேரத்துக்குள் முடித்த சதவீதம் அழகாகத் தெரியும், மக்கள் மறுபடி விண்ணப்பித்துக்கொண்டு இருப்பார்கள். ஒரே ஆள் 60 நாளுக்குள் அதே சேவைக்குத் திரும்ப விண்ணப்பித்ததை எண்ணினால் அது வெளியே வந்துவிடும். இதெல்லாம் உள்ளாட்களே செய்யக்கூடிய கணக்கு, நாலு மதிப்பீட்டுப் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

இதிலேயே பாதி வரிகள் உதிர்ந்துவிடும். மீதிக்கு மதிப்பெண் போடுமுன் வாசல் வைக்க வேண்டும், அதாவது ‘ஆம்’ என்றால்தான் உள்ளே விடும் கேள்விகள். உங்கள் தாளின் உண்மையான பழுது கூட்டல்தான். கூட்டலில் ஒன்று இன்னொன்றை ஈடுகட்டிவிடும். 300 கோடி ரூபாய் செலவாகும் சேவைக்கு ஒப்பிட ஆளே இல்லை என்றாலும் செலவுக்கான 5 மதிப்பெண் அதை மேலே தூக்கிவிடும். அளக்கவே முடியாததை அளக்க ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கடைசியில் “பயனாளிகள் திருப்தி தெரிவித்தனர்” என்ற அறிக்கையோடு முடிவது இந்த வழியில்தான்.

வாசல் மூன்று. அடுத்த இரண்டு ஆண்டில் இந்தச் சேவையைப் பற்றி ஒரு முடிவு வரப்போகிறதா, அதாவது நீட்டிப்பதா, விரிப்பதா, விதியை மாற்றுவதா? யார் கையெழுத்துப் போடுவார், எந்த மாதம் என்று எழுத முடிந்தால்தான் ‘ஆம்’. இரண்டாவது, சேவை கிடைத்தவரை யாரோடு ஒப்பிடுவது? மூன்றாவது, காகிதத்தில் இருக்கிறபடி அது நடக்கிறதா? மருந்தகத்தில் மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடக்கும்போது மருந்தகத்தின் தாக்கத்தை அளந்தால், காலிப் பணியிடத்தின் தாக்கம்தான் தெரியும்.

இந்த மூன்றில் முதலாவதுதான் பெரிய வடிகட்டி. எந்தப் பதில் வந்தாலும் நிற்கப்போவதில்லை என்று ஏற்கெனவே தீர்மானமான திட்டத்தை ‘தொடரலாமா’ என்று மதிப்பிடுவது வீண்செலவு. ஆனால் அதே திட்டத்துக்குள் திறந்திருக்கும் சின்ன முடிவு இருக்கலாம்: நேரம், இடம், பணியாளர் எண்ணிக்கை. அதைப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அங்கன்வாடி வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவில்லை. முன்பருவக் கல்விக்கு அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். எந்த மையத்துக்குப் பணியாளர் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது, கற்றலும் உயர்ந்தது என்று பதில் வந்தது. கேள்வி குறுகலாக இருந்ததால்தான் பதில் கெட்டியாக வந்தது.

வாசல் தாண்டியவற்றுக்கு மட்டும் மதிப்பெண். ஒவ்வொரு எண்ணுக்கும் அர்த்தத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முடிவு அளவுகோலில் கோப்பு நகர்கிறது, தேதி இருக்கிறது என்றால் 5. கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது என்றால் 3. யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னது 1. இரண்டு பேர் தனித்தனியாகப் போடட்டும். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும்.

3.4-க்கும் 3.7-க்கும் நடுவில் பத்து என்றால் அது சமநிலை. தரவரிசை என்று அதைச் சொல்லக் கூடாது. இதைச் சோதிக்க எடைகளைக் கணினியே போடட்டும். எக்செலில் ஒவ்வொரு அளவுகோலுக்கும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு ரேண்டம் எண், அதன் இயல் மடக்கை (எக்செலில் LN), அதற்கு முன்னால் கழித்தல் குறி. ஐந்தையும் அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு எடைத்தொகுப்பு கிடைக்கும். ரேண்டம் எண்ணை அப்படியே வகுத்தால் எடைகள் ஐந்தும் சமமாக இருக்கும் பக்கமே சாயும், மடக்கை எடுப்பது அதற்காகத்தான். இப்படி 1000 தடவை ஓட்டி, ஒவ்வொரு சேவையும் எத்தனை தடவை முதல் நாலில் வந்தது என்று எண்ணுங்கள். 800-க்கு மேல் வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 200-க்குக் கீழே வந்ததை விட்டுவிடலாம். நடுவில் நிற்பவை மூன்றோ நாலோ இருக்கும், கூட்டத்தில் பேசவேண்டியது அவற்றைப் பற்றி மட்டும்தான்.

குழாயடி எழுதியது:

புகார் கணக்கைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா அதுலதான் எல்லாரும் சறுக்குறாங்க.

புகார் எண்ணிக்கை சேவை எவ்வளவு மோசம்னு காட்டாது. புகார் சொல்ல யாருக்கு வழி இருக்குன்னுதான் காட்டும். ஆப்ல புகார் போடுறது யாரு? அப்பார்ட்மென்ட் சங்கம் வெச்சிருக்கிறவங்க. ஒரே குப்பை மேட்டுக்கு முப்பது பேர் முப்பது புகார் போடுவாங்க. ஸ்ரீராம்புரத்துலயோ நீலசந்திராவுலயோ சந்துக்குள்ள இருக்கிற குடும்பம் வால்வு திறக்கிற ஆளைப் பிடிச்சுக் கேக்கும், இல்லேன்னா ஏரியாப் பெரியவர்கிட்ட போய் நிக்கும். அந்தப் புகார் எந்தக் கணினியிலயும் ஏறாது. அதோட, ஹெல்ப்லைன் எண்ணை வண்டியில பெயின்ட் அடிச்சா அடுத்த மாசமே புகார் கூடும். சேவை கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா அது?

அதனால அந்தப் புகார் பத்தியை, அதாவது எக்செல் நெடுவரிசையை, தாள்ல வெச்சே ஆகணும்னா மூணு திருத்தம் பண்ணுங்க. மொத்த எண்ணிக்கையை எடுத்துட்டு 1000 பயனாளிக்கு எத்தனைன்னு போடுங்க. ஒரே இடம், ஒரே வாரம், ஒரே பிரச்சினைன்னா ஒண்ணுன்னு எண்ணுங்க. எந்த வழியா வந்துச்சுன்னு பிரிச்சுப் பாருங்க: ஆப், போன், நேர்ல கொடுத்த மனு. மூணாவதுல மேல வர்ற சேவையும் முதலாவதுல மேல வர்ற சேவையும் வேற வேறயா இருந்தா, உங்க பத்தி எதைக் காட்டிட்டிருந்துச்சுன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

இந்த ஊருக்கு இது புதுசு இல்ல. 1994-ல பப்ளிக் அஃபேர்ஸ் சென்டரைத் தொடங்கின சாமுவேல் பாலும் அவரோட குழுவும் இந்த பெங்களூருலதான் குடிமக்கள் மதிப்பெண் அட்டையை உருவாக்கினாங்க. 1994, 1999, 2003-னு மூணு தடவை வெளியாச்சு. மக்கள் பள்ளிக்கூடத்துல மார்க் போடுற மாதிரி தண்ணி, மின்சாரம், மாநகராட்சி எல்லாத்துக்கும் மார்க் போட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், குடிசைப் பகுதிக் குடும்பங்களைத் தனியா எடுத்துக் கேட்டது. ரெண்டையும் கலந்திருந்தா குடிசைக்காரங்க குரல் சராசரியில கரைஞ்சே போயிருக்கும்.

நீங்களும் தேர்வுக்கு முன்னாடி ஒரு சின்ன சர்வே எடுங்க. சதவீதம் 5 புள்ளி முன்னப்பின்ன போதும்னா 385 குடும்பம். ஒரே தெருவுல கொத்தாக் கேட்டா அது பத்தாது, இரட்டிப்பு வையுங்க. குடிசைப் பகுதிக்குத் தனி 385, அதுக்கும் அதே இரட்டிப்பு. கேக்கவேண்டியது ஆறேழு கேள்விதான்: போன மூணு மாசத்துல இந்தச் சேவை தேவைப்பட்டுச்சா, போனீங்களா, கிடைச்சுதா, எத்தனை நடை, எவ்வளவு செலவு, கிடைக்கலேன்னா என்ன பண்ணீங்க. ‘தேவைப்பட்டுச்சு, ஆனா போகல’ன்னு சொல்றவங்கதான் முக்கியம். உங்க எந்த ரெஜிஸ்டர்லயும் அவங்க பேர் இருக்காது.

கேள்வியோட வார்த்தையில கவனமா இருங்க. ‘தண்ணி வருதா?’ன்னு கேட்டா பெங்களூருல பதில் குழம்பும். இங்க காவேரித் தண்ணி வேற, போர் தண்ணி வேற. ஒரே வீட்டுல ரெண்டு குழாய் இருக்கும். போர் குழாய்ல வந்தாலும் ‘வருது’ன்னுதான் சொல்வாங்க. ‘நேத்து காவேரித் தண்ணி எத்தனை குடம் பிடிச்சீங்க, போர் தண்ணி எத்தனை குடம்’னு தனித்தனியாக் கேளுங்க. அந்த வீட்டுக் குடத்தை ஒரு லிட்டர் குவளையால அளந்து எழுதிக்கோங்க, எல்லாக் குடமும் ஒரே அளவு இல்ல. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருதுன்னு நாலுலயும் கேள்வித்தாள் வேணும். ஒருத்தர் மொழிபெயர்த்ததை வேற ஒருத்தர் திரும்பக் கன்னடத்துக்குக் கொண்டுவரணும். ரெண்டும் ஒத்துப்போகலேன்னா கேள்வியைத் திருத்தணும். வேலைக்குப் போற பொம்பளைங்க வீட்டுல இருக்கிற நேரம் சாயங்காலம் ஆறுக்கு மேல, இல்ல ஞாயித்துக்கிழமை. பகல்ல மட்டும் போனா வயசானவங்க பதில்தான் சேரும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. மதிப்பெண் அட்டை திருப்தியை அளக்கும், தாக்கத்தை அளக்காது. 1999-க்கும் 2003-க்கும் நடுவுல பெங்களூருல திருப்தி நல்லா ஏறுச்சு. அதே காலத்துல, நகரச் சேவைகளை மேம்படுத்த 1999-ல அமைச்ச பெங்களூரு அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்ங்கிற குழுவும் வேலை பண்ணிட்டிருந்துச்சு. ஏறினதுல எவ்வளவு எதனாலன்னு அட்டையை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது, ஒப்பிட வேற ஊர் கணக்குல இல்ல. எதை ஆராயணும்னு காட்டுறதுக்கு அட்டை அருமையான கருவி. அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்காதீங்க.

கணக்குத்தெரு எழுதியது:

குழாயடி அண்ணா சொன்ன குடம் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுவே பலனை அளக்கும் கருவியாகவும் பயன்படும். தரவு இல்லாத சேவையை என்ன செய்வது என்ற மூன்றாவது சந்தேகத்துக்கு என் பதில் இது.

‘தரவு இருக்கிறதா’ என்பது ஒரு கேள்வி அல்ல, மூன்று கேள்வி. பயனாளிப் பட்டியல் இருக்கிறதா, ஒப்பிட ஆள் இருக்கிறார்களா, தொடங்குவதற்கு முந்தைய நிலை பதிவாகியிருக்கிறதா. முதலாவது இல்லையென்றால் களத்தில் உருவாக்கிக்கொள்ளலாம். மூன்றாவது இல்லையென்றாலும் சில நேரம் சமாளிக்கலாம். இரண்டாவது இல்லையென்றால் பணம் எவ்வளவு இருந்தாலும் முடியாது.

இதற்குள் காலம் ஒளிந்திருக்கிறது. சக்தி திட்டத்தைப் பாருங்கள். 2023 ஜூன் 11 அன்று மாநிலம் முழுவதும் ஒரே நாளில் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துப் பயணம் இலவசமானது. அடுத்த நாளே கர்நாடகத்துக்குள் ‘இன்னும் கிடைக்காத மாவட்டம்’ என்று ஒன்றும் இல்லை. முன்கூட்டியே எடுத்த கணக்கெடுப்பு இருந்தால்தான் பேசலாம். இதற்கு எதிர்ப்பக்கம், கட்டம்கட்டமாக விரியும் சேவை. அது பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்து மீதி ஊர் காத்திருக்கும் அந்தச் சில மாதங்கள்தான் ஒப்பீட்டுக்கு வாய்ப்பு. அந்த வாய்ப்பு இந்த ஆண்டோடு மூடிவிடும் என்றால் அந்தச் சேவை மதிப்பெண்ணில் ஏழாவதாக இருந்தாலும் முன்னால் வரவேண்டும். உங்கள் தாளில் ‘ஒப்பீட்டு வாய்ப்பு எந்த மாதத்தோடு முடிகிறது’ என்று ஒரு பத்தி சேருங்கள். என் கணக்கில் மொத்தத் தாளிலும் அதுதான் மிக முக்கியமான பத்தி.

காவேரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் இந்த வகை. 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது, நாளுக்கு 77.5 கோடி லிட்டர், நகரத்தோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்காக. தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் போகாது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. இணைப்பு எடுத்த வீட்டையும் எடுக்காத வீட்டையும் நேராக ஒப்பிடாதீர்கள். கட்டணம் கட்டி முதலில் இணைப்பு வாங்குபவர் ஏற்கெனவே கொஞ்சம் வசதியானவர், அந்த வசதியே பலனாகக் கணக்கில் ஏறிவிடும். தெருவுக்குப் பிரதானக் குழாயில் தண்ணீர் விட்ட தேதியை வைத்து, தெருவோடு தெருவை ஒப்பிடுங்கள். இணைப்பு எடுக்காத வீடும் அந்தத் தெருக் கணக்கில் இருக்கவேண்டும்.

பருவத்தையும் பாருங்கள். முதல் கணக்கெடுப்பு நவம்பரில், இரண்டாவது ஏப்ரலில் என்றால் எவ்வளவு நல்ல திட்டமும் தோற்றுப்போனதாகத்தான் காட்டும். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி நகரம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். 18 மாதத்தில் இரண்டு கோடை விழுகிறதா என்பதைப் பொறுத்தே தண்ணீர் மதிப்பீடு உங்களுக்குச் சாத்தியமா என்று தெரியும்.

பிறகு அளவு. 50 சதவீதமாக இருப்பது 60 ஆகும் என்று எதிர்பார்த்தால், வழக்கமான 95 சதவீத நம்பகம், 80 சதவீத கண்டறியும் திறனுக்கு (மாற்றம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு), சேவை கிடைத்த பக்கம், கிடைக்காத பக்கம் என்று பக்கத்துக்கு 385 குடும்பம் வேண்டும். தெருவுக்கு 20 வீடு எடுத்தால், ஒரே தெருக்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதைச் சேர்க்கவேண்டும். அந்த ஒற்றுமை 0.05 என்று வைத்தால் பெருக்கும் எண் 1 + 19 × 0.05, அதாவது 1.95. ஆகப் பக்கத்துக்கு சுமார் 750 குடும்பம், 38 தெரு. இரண்டு பக்கமும் சேர்த்து 76 தெரு. மாற்றம் 10 புள்ளி அல்ல, 5 புள்ளிதான் என்றால் எல்லாம் ஏறத்தாழ நாலு மடங்கு. இந்தக் கணக்கை ஒவ்வொரு சேவைக்கும் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். மொத்தம் 12 மையம்தான் இருக்கிறது என்றால், ஆறுக்கு ஆறு ஒப்பிட்டுப் பெரும்பாலும் எதையும் நிறுவ முடியாது. அந்தச் சேவைக்குச் செயல்முறை ஆய்வு (சேவை சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது) போதும், தாக்கம் என்ற பெயரை வைக்காதீர்கள்.

மலிவு விலைச் சாப்பாடும் கடினம். இந்திரா கேன்டீனில் 2017-ல் தொடங்கியபோது காலை 5 ரூபாய், மதியம் 10 ரூபாய். சாப்பிடுபவர் பெயர் எங்கேயும் பதிவாவதில்லை. கட்டட வேலைக்காரர், ஆட்டோக்காரர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்று நாளுக்கு நாள் ஆள் மாறும், வீட்டுக்கு வீடு சர்வேயில் சிக்கமாட்டார்கள். அங்கே கேட்கக்கூடியது, இது இல்லையென்றால் இன்று எங்கே என்ன சாப்பிட்டிருப்பீர்கள், எவ்வளவுக்கு என்பது. சாப்பிட்டுவிட்டு வெளியே வரும் ஒவ்வொரு பத்தாவது ஆளிடமும் வாசலிலேயே கேட்கலாம். அது சிறிய ஆய்வு, நாலு மாதம் போதும்.

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. வரிகளைச் சேர்த்துப் பார்த்ததில் 62 என்பது 27 ஆகிவிட்டது. சான்றிதழ்களை எடுத்தபின் 16. இரண்டு சந்தேகம் பாக்கி. முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது வரம்பு இருக்கிறதே, வரம்புக்குச் சற்றுக் கீழே உள்ளவரையும் சற்று மேலே உள்ளவரையும் ஒப்பிட்டால் போதுமா? வார்டு வாரியாகப் பழைய தரவு இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

கணக்குத்தெரு எழுதியது:

வரம்பு ஒப்பீடு நல்ல முறை, ஆனால் வயதில் வைக்கும்போது மட்டும் நடுங்கவேண்டும். நம் நாட்டில் வயது 5-லும் 0-விலும் குவியும். 58, 59 குறைவாகவும் 60 மலையாகவும் இருக்கும். பிறந்த தேதி தெரியாதவருக்கு ஜனவரி 1 என்று ஆவணத்தில் ஏறியிருக்கும். 60, 65 போன்ற வரம்பு சரியாக அந்தக் குவியலின் மேல்தான் நிற்கிறது. அதோடு ஓய்வூதியத்துக்காகவே வயதைத் திருத்தி வாங்கியவர்களும் அங்கே இருப்பார்கள். முதலில் வயதுவாரியாக ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். வரம்பில் திடீர்ப் படி தெரிந்தால் அந்த முறையை விட்டுவிடுங்கள். விண்ணப்பித்து ஒப்புதல் கிடைத்து, பணம் இன்னும் வராமல் காத்திருப்பவர்களோடு ஒப்பிடுவது பத்திரமானது. அங்கே தகுதி இரு பக்கமும் ஒன்று, தேதி மட்டும்தான் வேறு. அந்தத் தேதி எப்படி வரிசையானது என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வார்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பழைய தரவு 198 வார்டுகளைக் கொண்ட பி.பி.எம்.பி. (நகரம் முழுவதற்கும் ஒரே மாநகராட்சி) காலத்தது. 2025 செப்டம்பரிலிருந்து நகரம் ஐந்து மாநகராட்சிகள். வார்டு எல்லைகள் மாறிவிட்டன. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இடமும் ஒன்றாகிவிடாது. வார்டு எண்ணை வைத்து இரண்டு தரவையும் ஒட்டாதீர்கள். தெருப் பெயர் அல்லது வரைபடப் புள்ளி வழியாகத்தான் ஒட்டவேண்டும்.

கோப்புக்கட்டு எழுதியது:

அலுவலக நடைமுறை பக்கம் சில சொல்லவேண்டும், இவை கவனிக்கப்படாமல் போனால் மேலே சொன்னதெல்லாம் தாளிலேயே நின்றுவிடும்.

18 மாதம் என்பது 18 மாதம் அல்ல. பணி விவரம் எழுதி ஒப்புதல் வாங்க ஆறு வாரம், டெண்டர் முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாக மூன்று நாலு மாதம். கர்நாடகப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1999-ன் படிகளைத் தாண்ட முடியாது. ஆகக் களத்துக்கு மிஞ்சுவது ஒரு வருடம். மாநில பட்ஜெட் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வருகிறது. துறைகள் தங்கள் கோரிக்கையை எழுதுவது அதற்கு முந்தைய சில மாதங்களில். முடிவு நவம்பருக்குள் கையில் இல்லையென்றால் அந்த ஆண்டு பட்ஜெட்டுக்கு அது பயன்படாது. தேர்வுத் தாளில் ஒவ்வொரு சேவைக்கும் அந்த நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டு சேவை தானாகவே அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

விலை குறைந்தவருக்கே வேலை என்று டெண்டர் போடாதீர்கள். விலையில் வெட்டியதைக் களத்தில்தான் ஈடுகட்டுவார்கள். தெருவில் குலுக்கலில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு முடித்துவிடுவார்கள். தரத்துக்கு 80, விலைக்கு 20 என்று வைத்து, பூட்டிய வீட்டுக்கு வேறு வேறு நாளில் மூன்று முறை போகவேண்டும் என்று பணி விவரத்திலேயே எழுதுங்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு உங்கள் ஆளே திரும்பப் போய் மூன்று கேள்வியைச் சரிபார்க்கட்டும். பயனாளிகளின் பெயர், தொலைபேசி எண்ணை வெளியாளுக்குக் கொடுக்குமுன் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சட்டப் பிரிவிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் யாராவது ஆட்சேபித்தால் மொத்தமும் நின்றுவிடும்.

ஏற்கெனவே நடந்ததைத் திரும்பச் செய்யாமல் இருக்க கர்நாடக மதிப்பீட்டு ஆணையத்தின் அறிக்கைகளையும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் செயல்திறன் தணிக்கைகளையும் ஒரு வாரம் புரட்டுங்கள். கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடக்கும்.

பிரிவுக்கு ஒன்று என்ற பேச்சை நேராக மறுக்க வேண்டாம், ஒரு பிரிவுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்ற விதியாக மாற்றிக்கொள்ளுங்கள். தரவரிசை வந்தபின் அந்த விதி ஓடட்டும். பணத்தையும் நாலாகச் சமமாகப் பிரிக்காதீர்கள். ஒன்று பெரிய ஒப்பீட்டு ஆய்வு, இரண்டு சின்னச் செயல்முறை ஆய்வு. நாலாவதை ஆறு மாதம் திறந்து வையுங்கள். திடீரென்று ஏதாவது சேவை கட்டம்கட்டமாக விரியப்போகிறது என்று தெரிந்தால், அதன் முந்தைய நிலையைப் பதிவுசெய்ய உடனே பணம் வேண்டும்.

தராசுமுள் எழுதியது:

16 வரை வந்துவிட்டதால் அடுத்த வேலை இது. வாசலைத் தாண்டும் எட்டோ பத்தோ சேவைக்கு, ஒவ்வொன்றின் பதிவேட்டிலிருந்தும் குலுக்கல் முறையில் 50 பேரை எடுத்துப் போன் செய்யுங்கள். அந்தப் பிரிவின் ஆள் செய்யக் கூடாது, வேறு பிரிவுக்காரர் செய்யட்டும். மாலை ஆறிலிருந்து எட்டுக்குள். கன்னடத்தில் தொடங்கி, எதிரில் இருப்பவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அதற்கு மாறத் தெரிந்தவராக இருக்கவேண்டும். எண் இருக்கிறதா, மணி அடிக்கிறதா, எடுத்தவர் அந்தப் பெயர்க்காரர்தானா, சேவை கிடைத்ததாகப் பதிவாகியிருக்கும் தேதி அவர் சொல்லும் தேதியோடு ஒத்துப்போகிறதா என்று நாலே கட்டம். 50-ல் 30 பேராவது சரியாகக் கிடைத்தால் அந்தப் பதிவேட்டை வைத்து மாதிரி எடுக்கலாம். குறைந்தால் களத்தில் புதிதாகப் பட்டியல் எடுக்கும் செலவை அந்தச் சேவையின் மதிப்பீட்டில் சேர்த்து எழுதுங்கள். நாலாவது கட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் ‘எனக்கு அது கிடைக்கவே இல்லையே’ என்று சொன்னால், தாக்கத்தை விட்டுவிட்டு முதலில் அந்தப் பதிவேட்டையே விசாரியுங்கள்.